பில் போடுவது நாம், பிழை யாருடையது?

கடையில் கேஷியர் இல்லாமல் நாமே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட் விஷயத்தில் நான் இயந்திரத்தின் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப்போக இந்தக் கட்டுரை அதற்கு எதிராகத் திரும்புவதுபோலத் தெரியலாம். பொருளை நானே ஸ்கேன் செய்து, நானே பையில் அடுக்கி, பணத்தைக் கட்டிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வருவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. கனமானது அடியில், நசுங்குவது மேலே என்று என் இஷ்டத்துக்கு அடுக்கலாம். நான் என்ன வாங்குகிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை. உள்ளாடையோ சானிட்டரி நாப்கினோ மருந்தோ வாங்கும்போது கல்லாவில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூசியவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். இந்த இயந்திரங்களால் ஆட்களின் வேலை போகிறது, ஆகவே அவற்றைப் புறக்கணிக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதே வரிசைக்குத்தான் போயிருக்கிறேன்.

என் சித்தி ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பல வருடங்கள் கேஷியராக இருந்தவர். இப்போது அதே கடையில் செல்ஃப் செக்அவுட் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். எட்டு இயந்திரங்களுக்கு அவர் ஒருவர். அவர் இயந்திரத்தைத் திட்டித் தீர்ப்பார், நான் அதற்கு வக்காலத்து வாங்கலாம் என்று காத்திருந்தேன். அவரோ, "அது பாட்டுக்கு இருக்கு, அதைத் திட்டி என்ன ஆகப்போகுது?" என்று முடித்துவிட்டார். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "முன்னாடி மூஞ்சியப் பார்த்து வேலை செஞ்சேன். இப்போ கையப் பார்த்து வேலை செய்யறேன்." அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இந்த இயந்திரத்தைப் பற்றி நாம் வழக்கமாகப் போடும் சண்டை எதிலும் அது அடங்கவில்லை.

வழக்கமான சண்டை இரண்டு விதம். ஒன்று, வேலை போகிறது என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொன்று, கடைக்காரன் சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலையை நம்மை ஓசியில் செய்யவைக்கிறான் என்பது. இரண்டாவது வாதம் என்னை ஒருபோதும் அசைத்ததில்லை. கடையில் நாம் ஓசியில் வேலை செய்ய ஆரம்பித்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' கடையைத் திறக்கும் வரை, மளிகைக் கடையில் வாடிக்கையாளர் சீட்டை நீட்டுவார், கடை ஆள் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸ் அலமாரிகளைத் திறந்துவிட்டு, கையில் கூடையைக் கொடுத்து, நீயே எடுத்துக்கொண்டு வா என்றார். சுழல் கதவு வழியாக உள்ளே போய், அலமாரிகளைச் சுற்றிக் கடைசியில் கல்லாவில்தான் வந்து நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமையும் வாங்கினார். அன்றைக்கும் அது ஓசி வேலைதான். ஆனால் பதிலுக்கு ஏதோ கிடைத்தது. விலை குறைந்தது, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை, உலகமே அந்த முறைக்கு மாறியது.

(இதே சாண்டர்ஸ் பிற்காலத்தில் நேர்மாறான ஒன்றை முயன்றார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1937இல் 'கீடூசில்' என்று ஒரு தானியங்கிக் கடை திறந்தார். கண்ணாடிக்குள் இருக்கும் மாதிரியைப் பார்த்து, கையில் இருக்கும் சாவியைச் செருகினால் பொருள் பெல்ட்டில் ஊர்ந்து வரும். கூட்டம் சேர்ந்தால் இயந்திரம் குழம்பிவிடும். கடை நிலைக்கவில்லை.)

ஆக, வேலை நம் தலையில் விழுகிறது என்பது புதிதல்ல. எது புதிது என்பது சித்தி சொன்ன ஒரு சம்பவத்தில்தான் எனக்கு உறைத்தது.

'பீப்னு கேட்டுச்சேம்மா'

வயதானவர் ஒருவர், வாரம் தவறாமல் அந்தக் கடைக்கு வருபவர். சித்தி கல்லாவில் இருந்த காலத்தில் அவர் வரிசையில்தான் நிற்பார். பக்கத்து வரிசை காலியாக இருந்தாலும் நகர மாட்டார். கடையில் ஆள் உட்காரும் கல்லாக்களைக் குறைத்த பிறகு வேறு வழியில்லாமல் அவரும் இயந்திரத்துக்கு வந்தார். சித்தி பக்கத்தில் நின்று, பொருளில் கோடுகள் எங்கே இருக்கும், எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும், திரையில் எதைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மெதுவாகப் பழகிக்கொண்டார். ஒருநாள் அவர் பணம் கட்டிவிட்டுக் கிளம்பும்போது, சித்தியின் கையில் இருந்த கருவியில் எச்சரிக்கை வந்தது. ஸ்கேன் ஆகாத ஏதோ ஒன்று பைக்குள் போயிருக்கிறது என்று மேலே இருக்கும் கேமரா சொல்கிறது. அப்படி வந்தால் பையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததாக அழுத்தாமல் விட்டால் சித்தியின் பெயரில் பதிவாகும், வார முடிவில் மேலாளர் கேட்பார்.

சித்தி போய், "ஐயா, ஒரு நிமிஷம், பையைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்றிருக்கிறார். அவருக்கு முதலில் புரியவில்லை. பெரியவர்களுக்கு உதவி செய்ய வந்ததாக நினைத்து, "வேணாம்மா, நானே தூக்கிக்கறேன்" என்றாராம். மறுபடி சொன்னதும் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மேடைமேல் வைக்க ஆரம்பித்தார். சித்தி பார்த்தால் போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை, அடி வரைக்கும் எடுத்து வைத்தார். மற்ற இயந்திரங்களில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றைக் காட்டிச் சத்தம் கேட்டதும் இரண்டையும் சேர்த்துப் பையில் போட்டிருக்கிறார். "பீப்னு கேட்டுச்சேம்மா" என்று மட்டும் சொன்னார். விடுபட்டதற்கும் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வருவதில்லை.

நான் அந்தக் கேமராவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சித்தி கையமர்த்தினார். "கேமராவ விடு. நான் கல்லாவில இருந்தப்போ இந்த மாதிரி எத்தனை விட்டிருப்பேன் தெரியுமா? கூட்டத்துல ரெண்டு சேர்ந்து வந்தா ஒண்ணத்தான் அடிச்சிருப்பேன். ஸ்டாக் எடுக்கும்போது குறையும். மேனேஜர் கொஞ்சம் முணுமுணுப்பாரு, அவ்வளவுதான். என்னை யாரும் திருடின்னு சொன்னதில்லை. அவரும் நானும் விட்டது ஒரே தப்புதானே?"

ஒரே தப்புதான். அதே பொருள், அதே ஸ்கேனர், அதே கவனக்குறைவு. சித்தி செய்தபோது அது வேலையில் நேரும் பிழை. அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள், இவ்வளவு சதவீதம் விடுபடும் என்று கணக்கில் ஒரு ஓரத்தில் ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். அந்தப் பெரியவருக்குப் பயிற்சி கிடையாது, சம்பளம் கிடையாது, அவர் கேட்டு அந்த வேலைக்கு வரவும் இல்லை. ஆனால் அவர் கையில் நேர்ந்ததும் அதே பிழை சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது. கடையிலிருந்து நம் தலைக்கு மாறியது வேலை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையோடு சேர்த்துப் பிழையின் பொறுப்பையும் மாற்றிவிட்டிருக்கிறார்கள். அதை யாரும் நம்மிடம் சொல்லவில்லை, திரையிலும் எழுதவில்லை.

ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் கண்

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் இது தற்செயல் இல்லை என்பது தெரியும். பழைய வகை இயந்திரங்களில் பை வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் என்ன எடை என்று கணினியில் பதிந்து வைத்திருப்பார்கள். ஸ்கேன் செய்த பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும், தலைக்குமேல் விளக்கு எரியும், ஒரு குரல் ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன துணிப்பையை வைத்தாலும் நிற்கும், குழந்தை தட்டில் கை வைத்தாலும் நிற்கும். இதில் வாடிக்கையாளர்கள் எரிச்சலடைந்ததால் பல கடைகள் தராசின் கெடுபிடியைக் குறைத்துவிட்டுக் கேமராவுக்கு மாறிவிட்டன. வெளியே போகும் இடத்தில் ரசீதைக் காட்டினால்தான் திறக்கும் கதவுகளும் வந்துவிட்டன.

இத்தனை காவலும் ஒரே திசையில்தான் பார்க்கிறது. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, கணினியில் ஏறியிருக்கும் விலை வேறொன்று என்றால் எந்த விளக்கும் எரிவதில்லை. தள்ளுபடி என்று எழுதிவிட்டுக் கணினியில் மாற்ற மறந்திருந்தால் எந்தக் குரலும் கேட்பதில்லை. அதை நாம்தான் ரசீதைப் பார்த்துக் கண்டுபிடித்து, சித்தி போன்ற ஒருவரைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்று சரிசெய்துகொள்ள வேண்டும். கடையின் பிழைக்கு மன்னிப்பு உண்டு. நம் பிழைக்குப் பைச்சோதனை.

சரி, மக்கள் திருடுவதே இல்லையா என்றால், தாராளமாகத் திருடுகிறார்கள். லண்டனில் உள்ள எமலின் டெய்லர் என்ற குற்றவியல் ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கையிருப்பில் இருந்த கேரட்டைவிட அதிகமாகக் கேரட் விற்றதாகக் கணக்கு காட்டியதாம். விலை உயர்ந்த காய்களையும் பழங்களையும் தட்டில் வைத்துவிட்டு, திரையில் மலிவான கேரட் படத்தைத் தொட்டிருக்கிறார்கள். கல்லாவில் ஓர் ஆள் இருந்தால் பொய் சொல்லத் துணியாதவர்கள் இவர்கள். பொருளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகிறவர்களும் இல்லை. நான்தானே வேலை செய்கிறேன், இது என் கூலி என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உன்னை நான் நம்பவில்லை என்று தராசும் கேமராவும் வைத்துச் சொல்லும் ஓர் இடத்தில், நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்ற உணர்ச்சி மெல்லக் கழன்றுவிடுகிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

அதன் விலையைக் கடைகளும் கொடுக்கின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியன் பெக் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் வராமல் போகும் இழப்பில் 23 சதவீதம் வரை செல்ஃப் செக்அவுட்டால் ஏற்படுவதாகச் சில்லறை நிறுவனங்களே மதிப்பிட்டிருந்தன. 2023இல் வட இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் இந்த இயந்திரங்களை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. 2024இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் பெரும்பாலான கடைகளில் இந்த வரிசைக்குப் பத்துப் பொருள் என்று வரம்பு வைத்தது. டாலர் ஜெனரல் நிறுவனம் ஆயிரக்கணக்கான கடைகளில் இயந்திரங்களைக் குறைத்தோ நீக்கியோ விட்டது. பெரியவரின் பையைக் கொட்டவைத்து மிச்சப்படுத்திய பணம் வேறு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நின்றுகொண்டு பார்க்கும் வேலை

வேலை போகிறது என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, பத்தாண்டுகளில் கேஷியர் வேலைகள் சுமார் 10 சதவீதம் குறையும் என்று கணித்திருக்கிறது. சிறிய எண் இல்லை, ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு இயந்திரம் ஆளை ஒழித்துவிடவும் இல்லை. 2024இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் டேரன் அசெமோக்லு, சுமாரான தானியக்கம் என்ற வகைக்கு எடுத்துக்காட்டாகச் செல்ஃப் செக்அவுட்டைச் சொல்வதுண்டு. ஆளை அகற்றும் அளவுக்கு மட்டும் திறமை உண்டு, எல்லாருக்கும் பயன்படும்படி உற்பத்தியைப் பெருக்கும் அளவுக்கு இல்லை என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆலையில் ஓர் இயந்திரம் வந்தால் அதே நேரத்தில் பத்து மடங்கு வேலை நடக்கும். இங்கே ஸ்கேன் செய்வது அப்படியே இருக்கிறது. அதைச் செய்யும் கை மட்டும் மாறியிருக்கிறது, அதுவும் பழக்கமில்லாத கை.

எஞ்சியிருக்கும் வேலை என்ன ஆனது என்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை. சித்தியின் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒருகாலத்தில் கேஷியர் என்றால் விலைகள் மனப்பாடமாக இருக்க வேண்டும், விரல்கள் பார்க்காமலேயே எண்களை அடிக்க வேண்டும். 1974 ஜூன் 26ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேனரில் ஓடியது. அன்றோடு அந்த ஞாபகசக்திக்கு மதிப்புப் போயிற்று. 1986இல் அட்லாண்டா அருகே குரோகர் கடையில் டேவிட் ஹம்பிள் என்பவரின் 'செக்ரோபாட்' வந்தபோது ஸ்கேன் செய்வதும் போயிற்று. ஆனால் அந்த முதல் அமைப்பில் பணம் வாங்க ஆள் இருந்தார். பிறகு அதுவும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கண்காணிப்பது. வயது பார்த்து விற்கவேண்டிய பொருளுக்கு அனுமதி கொடுப்பது, நின்றுபோன இயந்திரத்தைத் தட்டி எழுப்புவது, கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது, கையைப் பார்ப்பது. சித்தி எட்டு பேரிடம் மாறி மாறி ஓடுகிறார், எவரோடும் ஒரு பரிவர்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை முடிப்பதில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லாருமே ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவர்கள், ஏனென்றால் கோளாறு இல்லாதவர் அவரைக் கூப்பிடுவதே இல்லை.

ஆளே இல்லை என்று விளம்பரப்படுத்தும் கடைக்குள்ளும் ஆள் இருக்கிறார். அமேசான் 2018இல் சியாட்டிலில் கல்லாவே இல்லாத கடையைத் திறந்தது. எடுத்துக்கொண்டு நடந்து வெளியேறலாம், கேமராக்களும் உணரிகளும் கணக்குப் பார்த்துக்கொள்ளும். அதன் பின்னணியில் இந்தியாவில் சுமார் 1000 பேர் உட்கார்ந்து பரிவர்த்தனைகளைச் சரிபார்த்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. தங்கள் ஊழியர்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கவில்லை, கணினிக்குப் பயிற்சி தரவும் சந்தேகமானவற்றைச் சரிபார்க்கவுமே இருந்தார்கள் என்று அமேசான் விளக்கம் தந்தது. எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் சித்தியைப் போலக் கையைப் பார்க்கும் வேலை யாரோ செய்திருக்கிறார்கள். அந்த முகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரிய அமேசான் ஃபிரெஷ் கடைகளிலிருந்து அந்த முறையை 2024இல் எடுத்தும்விட்டார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு உதாரணங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் பல கடைகளில் பாதி தானியங்கி முறை இருக்கிறது. ஊழியர் ஸ்கேன் செய்கிறார், பணத்தை மட்டும் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தில் கட்டுகிறார். நேரம் மிச்சமாகிறது. ஸ்கேனில் ஒன்று விடுபட்டால் அது கடையின் பிழையாகவே இருக்கிறது. யூனிக்லோ துணிக்கடையில் கூடைக்குள் மொத்தமாகப் போட்டால் துணியின் விலைச்சீட்டில் இருக்கும் மின்னணுச் சில்லை (சிப்) இயந்திரமே படித்துவிடுகிறது, வாடிக்கையாளர் எதையும் ஸ்கேன் செய்வதில்லை. நெதர்லாந்தில் யம்போ நிறுவனம் 2019இல் நேர்மாறாக ஒன்று செய்தது. அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பணம் கட்டுவதற்கென்றே ஒரு கல்லாவைத் திறந்தது. எனக்கு அந்த வரிசை வேண்டாம், ஆனால் அந்தப் பெரியவருக்கு வேண்டியிருந்திருக்கும். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 2025இல் வந்த விதி எனக்கு அதிகம் பிடித்தது. மூன்று இயந்திரங்களுக்கு ஓர் ஊழியர் இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்கிறது. எட்டுக்கு ஒருவர் காவலாளி. மூன்றுக்கு ஒருவர் என்றால் பக்கத்தில் நின்று உதவ நேரமிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு சித்தியிடம் சொன்னேன். அவர் கடையிலும் இரண்டு கல்லாக்களை மறுபடி திறக்கப் போகிறார்கள், பழைய கேஷியர்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். நீங்கள் போய்விடுவீர்கள்தானே என்றேன். போகமாட்டாராம். "மணிக்கட்டு வலி உனக்குத் தெரியாது. நாள் பூரா ஒரே பக்கமா இழுத்து இழுத்து, ராத்திரி கை மரத்துப்போயிடும். இங்க ஓட்டமாவது இருக்கு." பழைய கல்லாவைப் பற்றி எனக்குள் மெல்ல வளர்ந்துகொண்டிருந்த ஏக்கத்துக்கு அது தேவைப்பட்ட அடி. அவர் மேலாளரிடம் கேட்டிருப்பது வேறு இரண்டு. உட்கார ஒரு ஸ்டூல். அப்புறம், ஒன்றிரண்டு பொருள் விடுபட்டதாக எச்சரிக்கை வந்தால், ஆளைப் பார்த்துத் தானே முடிவெடுத்து, பையைத் திறக்காமல் அனுப்பிவைக்கும் அதிகாரம். ஸ்டூலுக்குச் சரி என்றிருக்கிறார்கள்.